கழுத்து, தண்ணீர், முப்பது டிகிரி: சேஃப்டி ரேசரோடு நான்கு மாதம்

மணலியில் ஒரு ஆலையில் எனக்கு வேலை. உள்ளே சில பகுதிகளுக்குப் போகும்போது முகத்தை மூடும் மாஸ்க் போட்டே ஆக வேண்டும். அதன் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டி உட்கார வேண்டும், ஒரு நாள் தாடி இருந்தால்கூட இடைவெளி விழுந்து வெளிக்காற்று புகுந்துவிடும். அதனால் தினமும் ஷேவ் பண்ணுவது எங்களுக்கு அழகுக்காக இல்லை, உயிருக்காக. என் முடியோ சுருட்டை. பத்து வருஷமாக மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று கார்ட்ரிட்ஜ் ரேசர்களால் வாரத்துக்கு ஆறு நாள் வழித்து வழித்து, தாடைக்குக் கீழே கழுத்தின் இரண்டு பக்கமும் பொரிப்பொரியாக ஒரு பட்டை போல ஆகிவிட்டது. சில பொரிகளுக்குள் முடி சுருண்டு கிடப்பது கண்ணுக்கே தெரியும். மே மாதத்தில் வியர்வையும் மாஸ்க் பட்டையும் சேர்ந்து அதன்மேல் படும்போது எரியும் பாருங்கள், அன்றைக்கு வேலையே ஓடாது.

காலடிப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன சலூன் இருக்கிறது. மூன்று நாற்காலி, ஒரு ரேடியோ. அங்கே முடி வெட்டப் போன அன்று கழுத்தில் துணியைச் சுற்றும்போதே அண்ணா நிறுத்திவிட்டார்.

"இன்னா தம்பி, கழுத்த இப்டி வச்சினு இருக்கீங்க?"

தினமும் ஷேவ் பண்ணுவதைச் சொன்னேன். எதில் என்று கேட்டார். சொன்னதும் தலையாட்டிவிட்டு அவர் கொடுத்த விளக்கத்தை இன்று வரை மறக்கவில்லை: "முதல் பிளேடு முடிய இழுக்குது, அடுத்தது அத தோலுக்குக் கீழ போய் வெட்டுது. உங்களுது சுருட்ட முடி. அது திரும்ப மொளைக்கும்போது வெளிய வர வழி தெரியாம தோல்லயே குத்துது. நான் கத்தியில போடறது ஒத்த பிளேடு, அதுவும் பாதி. பாத்துக்குங்க."

பிறகு நான் ஒரு தோல் டாக்டரைக் கேட்டபோது அவரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார், மருத்துவப் பெயரோடு. பல பிளேடு ரேசர் முடியைத் தூக்கி வெட்டுவதால் நுனி தோல் மட்டத்துக்குக் கீழே நின்றுவிடும், சுருட்டை முடி வளைந்து உள்ளேயே வளரும். ஒற்றை பிளேடு தோல் மட்டத்தோடு வெட்டி விட்டுவிடும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ஒற்றை பிளேடை என் கையில் பிடிக்கப் பழக எனக்கு நான்கு மாதம் ஆனது, அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வார ஓய்வு புதன்கிழமை. காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கி பாரிமுனைப் பக்கம் நடந்தேன். காகிதம் என்றால் ஆண்டர்சன் தெரு, துணி என்றால் கோடவுன் தெரு என்று அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு தெரு உண்டு, சலூன் சாமானும் கேட்டுக் கேட்டுப் போனால் கிடைத்துவிடும். மூன்று துண்டாகக் கழலும் சாதாரண சேஃப்டி ரேசர் ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கினேன்: மேல் மூடி, அடித் தட்டு, கைப்பிடி. கையில் வைத்தால் இரண்டு எலுமிச்சம்பழ எடை. அந்த எடை முக்கியம், பிறகு சொல்கிறேன். ஒரு பிரஷ், ஒரு கிரீம், நான்கு கம்பெனி பிளேடில் ஒவ்வொரு பாக்கெட். எந்த கம்பெனி பிளேடும் எந்த ரேசரிலும் உட்காரும் என்பது இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கார்ட்ரிட்ஜ் ரேசரில் ஒரு கைப்பிடி வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் அந்தக் கம்பெனிக்கே கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும்.

முதல் நாள் மாட்டியதே தப்பு. அடித் தட்டைத் தலைகீழாக வைத்துத் திருகிவிட்டேன். பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. கன்னத்தில் வைத்ததும் பிளேடு அதிர்ந்து கடகடவென்று இழுத்தது, நல்லவேளை உடனே எடுத்துவிட்டேன். கழற்றி உட்கார்ந்து பார்த்தபோதுதான் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதே புரிந்தது. மேல் மூடி குடை மாதிரி வளைந்திருக்கும், அடித் தட்டின் நடுவில் அதற்குத் தோதான மேடு இருக்கும். இரண்டுக்கும் நடுவே பிளேடை வைத்து இறுக்கும்போது பிளேடு லேசாக வளைகிறது. தட்டையான ஒரு காகிதத்தை ஒரு முனையில் பிடித்தால் தொங்கும், நீளவாக்கில் கொஞ்சம் குழித்துப் பிடித்தால் விறைப்பாக நிற்கும் இல்லையா, அதேதான். பிளேடின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அந்த வளைவு இல்லாவிட்டால் அது முடியை வெட்டாது, முடி மேல் துள்ளும்.

இவ்வளவு மெல்லிய தகட்டைக் கூர் தீட்டவே முடியாது என்றுதான் ஒரு காலத்தில் எஃகு தெரிந்தவர்கள் சொன்னார்களாம். அமெரிக்காவில் கிங் கேம்ப் கில்லெட் என்கிற விற்பனைப் பிரதிநிதி, சோடா பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர், ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் மூடி மாதிரி பிளேடும் இருந்தால் என்ன என்று யோசித்தார். யோசனை அவருடையது. மெல்லிய தகட்டைச் சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கி, கூர் தீட்டுகிற வழியைக் கண்டுபிடித்தவர் வில்லியம் நிக்கர்சன் என்கிற பொறியாளர். விற்பனைக்கு வந்த 1903-இல் மொத்தம் 51 ரேசரும் 168 பிளேடும்தான் போயின. 1904 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. நான் மெஷின் பக்கம் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு நிக்கர்சன் மேல்தான் மரியாதை அதிகம்.

சரி, மாட்டும் முறை. மூடியைக் கவிழ்த்துக் கையில் வையுங்கள், அதன் முளைகளில் பிளேடை உட்கார வையுங்கள், மேல் அடித் தட்டு, அதன் மேல் கைப்பிடி. பிளேடைக் குட்டையான இரண்டு ஓரங்களில் மட்டும் பிடியுங்கள், அங்கே கூர் இருக்காது. திருகி முடிக்கிறவரை அந்த ஓரங்களை விடாதீர்கள், இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டு போக வேண்டும்.

இரண்டாவது பிரச்சினை நுரை. பிரஷ்ஷை நனைத்து, கிரீமைத் தொட்டு, ஐந்து நிமிஷம் கன்னத்தில் சுற்றினேன். முதலில் வெள்ளையாக வந்தது, அரை நிமிஷத்தில் காய்ந்து முகத்தில் மாவு பூசின மாதிரி நின்றது. இன்னும் கிரீம் போட்டேன், அதே கதை. கிரீம் மட்டம் என்று நினைத்து வேறு கிரீம் வாங்கினேன், பத்து நாள் இப்படியே போனது. அம்மாதான் சமையலறையிலிருந்து, "போர் தண்ணில துணி சோப்பே நுரைக்காது, உன் முகத்துக்கு மட்டும் நுரைக்குமா? மெட்ரோ வாட்டர் ஒரு மக்கு எடுத்துனு போ" என்றார்கள். மெட்ரோ வாட்டர் என்றால் குடிநீர் வாரியம் தருகிற தண்ணீர்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம், எங்கள் வீட்டு போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, பாத்ரூம் குழாயில் வருவது அதுதான். அதில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளை வெள்ளையாகத் திரிந்துவிடும். வாளியின் உள்பக்கம் படிகிறதே அழுக்கு மாதிரி, அது அழுக்கு இல்லை, நுரையாக ஆகியிருக்க வேண்டிய சோப்புதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நல்ல தண்ணீரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. குடத்தோடு அடி பம்பில் நின்ற வயசு எனக்கு உண்டு. 2010-இல் மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளுக்கு 10 கோடி லிட்டர், வடசென்னைக்காக வந்தபோது தெருவில் எவ்வளவு பேச்சு. ஆனால் அந்தத் தண்ணீர் ஷேவிங்குக்கு இவ்வளவு வித்தியாசம் தரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே ஒரு மக்கு மெட்ரோ தண்ணீர். அதே பழைய கிரீம், பாதாம் கொட்டை அளவு. பிரஷ்ஷை உதறிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தேன், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போனேன், இரண்டு நிமிஷத்தில் தயிர் மாதிரி கெட்டியாக, பளபளப்பாக, கொக்கிபோல நுனி வளைந்து நிற்கிற நுரை. குமிழ் தெரியக் கூடாது. குமிழ் தெரிந்தால் தண்ணீர் அதிகம், காய்ந்து வெடித்தால் தண்ணீர் குறைவு. முகம் கழுவவும் நுரைக்கவும் ரேசரை அலசவும் ஒன்றரை மக்கு போதும், தினமும் அவ்வளவுதான் எடுக்கிறேன்.

நுரை போடுவதற்கு முன்னால் முகம் இரண்டு மூன்று நிமிஷமாவது நனைந்திருக்க வேண்டும். காய்ந்த முடி கம்பி மாதிரி, தண்ணீரை உறிஞ்சினால் உப்பி மெத்தென்று ஆகிவிடும், வெட்ட அவ்வளவு விசை வேண்டியதில்லை. நான் குளித்து முடித்த கையோடு ஷேவ் பண்ணுகிறேன். ஆறு மணி ஷிஃப்டுக்கு நாலரைக்கே எழுந்திருப்பதால் வெந்நீர் வைக்க நேரமிருக்காது, சென்னையில் அதற்கு அவசியமும் பெரிதாக இல்லை.

இப்போது பிளேடுக்கு வருகிறேன்.

கார்ட்ரிட்ஜ் ரேசர் நமக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது அழுத்தத்தைத்தான். அதன் தலை முன்னும் பின்னும் ஆடும், கோணத்தை அதுவே பார்த்துக்கொள்ளும், நம் வேலை அழுத்தி இழுப்பது. பத்து வருஷம் என் கை கற்றது அது ஒன்றுதான். சேஃப்டி ரேசரில் தலை அசையாது. கோணத்தை நீங்கள் பிடிக்க வேண்டும், அழுத்தத்தை முழுக்க விட்டுவிட வேண்டும். இரண்டில் கோணம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. கையை விடுவதுதான் வரவில்லை.

கோணத்துக்கு ஒரு வழி: ரேசரின் மேல் மூடியைக் கன்னத்தில் தட்டையாக வையுங்கள், கைப்பிடி முகத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே கீழ் நோக்கி இழுத்துக்கொண்டே கைப்பிடியை மெல்லத் தாழ்த்துங்கள். ஒரு இடத்தில் சத்தம் ஆரம்பிக்கும். உப்புத் தாளை விரல் நகத்தால் லேசாகத் தேய்க்கிற மாதிரி, சரசரவென்று. பிளேடு தோலோடு ஏறக்குறைய முப்பது டிகிரியில் நிற்கிற இடம் அதுதான். அளந்து பார்க்க முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். அதனால் பாத்ரூமில் குழாயை மூடிவிட்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு ஷேவ் பண்ணப் பழகினேன். சத்தம் நின்றால் கோணம் தவறிவிட்டது என்று அர்த்தம்.

அழுத்தம் விஷயத்தில், தினமும் இதிலேயே வழிக்க ஆரம்பித்த முதல் மூன்று வாரம் தாடை ஓரத்தில் ஊசி முனை அளவு ரத்தப் புள்ளிகள், ஐந்தாறு. உதட்டுக்குக் கீழே ஒரு நாள் ரேசர் பக்கவாட்டில் வழுக்கிவிட்டது, அரை சென்டிமீட்டர் வெட்டு. பக்கவாட்டில் மட்டும் நகரவே கூடாது, அது கத்தியை வைத்துப் பழம் நறுக்குவது போலத்தான் வெட்டும். அந்த வெட்டோடு சலூனுக்குப் போய் நின்றேன். அண்ணா அப்போது ஒரு பெரியவருக்கு ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து அவர் கையையே பார்த்தேன். கத்தியைப் பிடித்திருந்த கையில் ஒரு நரம்பு விறைக்கவில்லை, அடுத்த கைதான் உழைத்துக்கொண்டிருந்தது, கன்னத்தை மேலே இழுத்து, காதோரத்தை விலக்கி, மோவாயைத் திருப்பி, தோலை எப்போதும் இழுத்துப் பிடித்தபடியே.

பெரியவர் போனதும் என் ரேசரை வாங்கி, கைப்பிடியின் அடி நுனியை மூன்று விரலால், ஊதுபத்தி பிடிக்கிற மாதிரி பிடித்துக் காட்டினார். "கத்திய தள்ளாதீங்க தம்பி. அதுக்கே எடை இருக்குது. நீங்க வழிய மட்டும் காட்டுங்க, அது தானா போவும்."

வாங்கும்போது கனமாக இருக்கிறதே என்று நினைத்தேன், அந்தக் கனம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. என் கை கொடுக்க வேண்டிய அழுத்தத்தை இரும்பே கொடுத்துவிடுகிறது, நான் மேலும் கொடுப்பதெல்லாம் தோலைச் சீவத்தான் போகிறது. நுனியில் பிடித்தால் அழுத்தவே முடியாது, முயன்றாலும் விரலில் வழுக்கும். அன்றிலிருந்து அப்படித்தான் பிடிக்கிறேன். இரண்டு சென்டிமீட்டர், மூன்று சென்டிமீட்டர் என்று சின்னச் சின்ன இழுப்பு. நீளமாக ஒரே இழுப்பில் கன்னத்திலிருந்து கழுத்து வரை வருவதெல்லாம் விளம்பரத்தில்தான்.

அண்ணா அன்று செய்த இன்னொரு காரியம் அதைவிடப் பெரியது. என் கழுத்தில் கட்டை விரலை வைத்து ஒவ்வொரு இடமாகத் தடவினார். "இங்க கீழ போவுது. இங்க பாருங்க, மேல போவுது. இந்தப் பக்கம் காதுக்குப் போவுது." முடிக்கு வாக்கு, அதாவது அது சாய்ந்து வளரும் திசை, உண்டு என்பது தலைமுடியில் தெரியும், தாடியில் நான் யோசித்ததே இல்லை. மேலிருந்து கீழே என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பத்து வருஷம் இழுத்திருக்கிறேன், அதாவது கழுத்தின் வலது பக்கத்தில் முதல் இழுப்பிலேயே எதிர் வாக்கில். பொரிகள் அதிகம் இருந்ததும் அதே பக்கம்தான். வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் முகம் வரைந்து, ஒரு நாள் தாடியில் விரலால் தடவித் தடவி, வழவழவென்று போகிற திசைக்கெல்லாம் அம்புக்குறி போட்டேன். மோவாய்க்கு அடியில் கீழ் நோக்கி. குரல்வளைக்கு வலப்பக்கம் தாடையை நோக்கி மேலே. இடப்பக்கம் சாய்வாகக் காதுப் பக்கம். கன்னம் இரண்டும் சாதாரணமாகக் கீழே. அந்தக் காகிதத்தைக் கண்ணாடி ஓரத்தில் செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன், ஈரம் பட்டு மை பரவி இரண்டு தடவை புதிதாக வரைந்தாயிற்று. புதிதாக ஆரம்பிப்பவர்கள் ரேசர் வாங்குவதற்கு முன்னால் இந்தப் படத்தை வரையுங்கள், செலவே இல்லை.

அதன் பிறகு என் முறை இதுதான். முதலில் முடி வாக்கில் ஒரு சுற்று. திரும்ப நுரை. அடுத்து வாக்குக்குக் குறுக்காக ஒரு சுற்று. அவ்வளவுதான், மாஸ்க் உட்கார அது தாராளம். எதிர் வாக்கில் கன்னத்தில் மட்டும், அதுவும் எப்போதாவது. கழுத்தில் எதிராக வழிக்கவே மாட்டேன். வழித்தால் விரலுக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் பொரி வந்து நிற்கும். நுரை இல்லாத இடத்தில் பிளேடை வைப்பதும் கிடையாது, சின்னதாக ஒரு முடி விட்டுப் போயிருந்தாலும் சரி.

முடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு படிகாரம். எங்கள் வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிற்றில் ஒன்று தொங்குகிறது, அம்மா நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது எனக்கும் ஒரு கட்டி சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். ஈர முகத்தில் கட்டியைத் தேய்த்து ஒரு நிமிஷம் விட்டுக் கழுவினால் தோல் இறுகும், சின்ன ரத்தப் புள்ளி நின்றுவிடும். எனக்கு அது வேறு விதத்திலும் உதவியது. எங்கே அழுத்தியிருக்கிறோமோ அங்கே சுரீரென்று எரியும். கண்ணாடியில் ஒன்றுமே தெரியாது, படிகாரம் காட்டிக் கொடுத்துவிடும். இரண்டாவது மாதம் முழுக்க எரிந்த இடங்களை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த நாள் அங்கே கையை இன்னும் தளர்த்தினேன். இப்போது மோவாயின் இடது மூலையில் மட்டும் லேசாக எரிகிறது. அந்த இடத்தில் எலும்பு வளைவு, இன்னும் பிடிபடவில்லை.

பிளேடு எது நல்லது என்று கேட்பவர்களுக்கு: எனக்கு செவன் ஓ கிளாக் ஒத்துப்போனது, ஒவ்வொரு தோலுக்கும் ஒவ்வொன்று, நாலு பாக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். என் பக்கத்துக் கடையில் ஐந்து பிளேடு முப்பது ரூபாய், ஒரு பிளேடு ஐந்து ஷேவ் வருகிறது, ஆக ஒரு பாக்கெட்டில் ஒரு மாதம் ஓடிவிடுகிறது. கூர்முனையைத் துணியால் துடைக்காதீர்கள், அலசி உதறி வைத்தால் போதும். அப்புறம், முதல் இரண்டு வாரம் ஓய்வு நாளில் மட்டும் பழகுங்கள். ஷிஃப்டுக்கு ஓடும் காலையில் இதைக் கற்றுக்கொள்ள முடியாது, நானும் முதலில் புதன்கிழமைகளில்தான் பழகினேன், மற்ற நாள் பழைய ரேசர்தான்.

கழுத்து? மூன்றாவது மாதக் கடைசியில் வலது பக்கம் கறுப்புப் புள்ளிகளாக மட்டும் தழும்பு இருக்கிறது, புதிதாகப் பொரி வரவில்லை. போன மாதம் முடி வெட்டப் போனபோது அண்ணா துணியைச் சுற்றுவதற்கு முன்னால் கட்டை விரலால் கழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "ம்" என்றார். துணியைச் சுற்றினார்.

தீர்ந்த பிளேடை நான் குப்பையில் போடுவதில்லை. காலி காபித்தூள் டின் ஒன்றின் மூடியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டி ஒரு கீறல் போட்டு, அதில் போட்டுக்கொண்டு வருகிறேன். எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் அக்கா மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று கையால்தான் பிரிக்கிறார்கள். ஒரு நாள் அவர்கள் விரலில் துணி சுற்றியிருந்தது, கேட்டதற்கு யாரோ போட்ட உடைந்த டியூப்லைட் என்றார்கள். இதுவரை டின்னில் பத்தொன்பது பிளேடு, அடிப்பாகம்கூட மறையவில்லை. நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே மார்க்கரில் பிளேடு என்று எழுதி, தனியாகக் கையில் தருகிறேன் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.